யார் கொண்டுவந்த மழை

செங்கோட்டையன் அந்தக் கோடை முழுக்க ஒரு வேளைதான் சாப்பிட்டார். சித்திரையில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. வைகாசியும் அப்படியே காய்ந்து போனது. வளப்பூர் நாட்டு மலைச்சரிவில் இருந்த அவருடைய ஊரில் உழுது போட்ட கொல்லைகள் வாய் பிளந்து கிடந்தன. விதைச் சாமையைத் தூவ வழியில்லாமல் குதிருக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

செங்கோட்டையன் அந்த ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி. மழையைக் கேட்டு வாங்குவது தன் வேலை என்று அவர் நம்பினார். ஊரும் நம்பியது. கீழே ஓடையில் ஒரு பாறைக்குழியில் மட்டும் தண்ணீர் மிச்சமிருந்தது. தினமும் விடியும்போதே இறங்கி, அதில் ஒரு குடம் மொண்டு, செங்குத்தான ஏற்றத்தில் தோளில் சுமந்து வந்து அம்மன் கல்லின் மேல் ஊற்றுவார். தோளில் காய்ப்பு விழுந்தது. முழங்கால் வீங்கியது.

"மழ மட்டும் வரட்டும் பூசாரி," என்று ஊர்க்கவுண்டர் வெள்ளியங்கிரி சொல்லியிருந்தார். "ஊரே கூடி உனக்கு உருமால் கட்டறோம்."

கோயில் வாசலில், ஊர் பார்க்க, தன் தலையில் புது உருமால் சுற்றப்படுவதை நினைத்துக்கொண்டேதான் அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு நாளும் ஏறினார்.

மழை வந்தது. ஆனி கடைசியில், மாராயி வீட்டுக் கல்யாணத்தன்று வந்தது. மாராயி புருஷனை இழந்தவள். மகன் காளியண்ணனுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரக்கரை நாட்டிலிருந்து பெண் எடுத்திருந்தாள். பெண்ணின் பெயர் ஆத்தாயி. மத்தியான வெயிலில் பெண்ணழைப்பு ஊருக்குள் நுழைந்தது. ஆத்தாயி எல்லைக்கல்லைத் தாண்டிக் கால் வைத்தபோது மேற்கே ஒரு இடி இடித்தது. அவள் மாராயி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் வானம் இருண்டு, கொட்டு கொட்டென்று கொட்டத் தொடங்கிவிட்டது.

செங்கோட்டையன் அப்போது கோயிலில் இருந்தார். வெளியே ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கி, "ஆத்தா! என் தாயே!" என்று கத்தினார். கண்ணில் நீர் வந்தது. சனங்கள் இப்போது ஓடி வருவார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஓடத்தான் செய்தார்கள், மாராயி வீட்டுப் பக்கமாக.

"இந்தப் புள்ள கால் வெச்ச நேரம்டா!" என்று வெள்ளியங்கிரி மழையில் நனைந்தபடி கூவினார். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கிழவி ஆத்தாயியின் சேறு படிந்த காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல், தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அன்று கல்யாணச் சோற்றைச் செங்கோட்டையன் தொடவில்லை. வீட்டுக்கு வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"கோடை பூரா தண்ணி சொமந்தது நானு. பேரு அவளுக்கு," என்றார்.

அவர் மனைவி பெருமாயி ஒழுகுகிற இடத்தில் பானை வைத்துக்கொண்டிருந்தாள். "மழ வந்துச்சில்ல? அதுக்குத்தான சொமந்தீங்க? எந்திரிச்சு வந்து இந்த மூலையில ரெண்டு பிடி புல்லச் சொருவுங்க. கூரை ஊத்துது."

அவர் எழுந்திருக்கவில்லை. மழைக்காகத்தான் சுமந்தோமா என்ற கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விதைப்பு. முதல் பிடி விதையைப் பூசாரிதான் போடுவது வழக்கம். வெள்ளியங்கிரி வந்து தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்க எல்லாம் ஆசப்படறாங்க. இந்தத் தடவ அந்தப் புள்ள போடட்டும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத." உருமால் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

ஆத்தாயி விதைத்தாள். விதைத்துவிட்டு நேராகச் செங்கோட்டையனிடம் வந்து, "நீங்க போடோணும்னு எனக்குத் தெரியாதுங்க மாமா, இப்பத்தான் அத்தை சொன்னாங்க. கோவிச்சுக்காதீங்க," என்று கும்பிட்டாள். ஒரு இலை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். அவள் திமிராக நடந்துகொண்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளிடம் குறை கிடைக்கவில்லை என்பதே அவருக்குப் பெரிய குறையாகிப் போனது. பலாச்சுளையைப் பெருமாயி தின்றாள். "தேனாட்டம் இருக்குது," என்றாள். அதற்கும் அவருக்கு எரிந்தது.

அப்புறம் அவர் கண் தன்னாலேயே மாராயி வீட்டுப் பக்கம் போகத் தொடங்கியது. ஆத்தாயி தண்ணீருக்குப் போனால் துணைக்கு நாலு பேர் போனார்கள். பிறந்த குழந்தையை முதலில் அவள் கையில் கொடுத்தார்கள். கன்று போட்ட மாட்டுக்கு அவள் கையால் புல் வைக்கச் சொன்னார்கள். அவளுடைய சிரிப்புச் சத்தம் கோயில் வரை கேட்டது. அம்மனுக்கு விளக்கு வைக்கும்போதுகூட, "அவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் பட்டினி கிடந்திருப்பாளா?" என்று மனசு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மந்திரம் பாதியில் மறந்து போனது.

மழையோ நிற்கவில்லை. ஆடி பிறந்தது. கொட்டியது, தூறியது, மறுபடி கொட்டியது. வெயில் முகத்தை ஊர் மறந்தது. முளைத்த சாமை மஞ்சளாகிக் குனிந்தது. ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. விறகு எரியாமல் புகைந்தது. அது சீமையில் பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மலைக்குச் சீமெண்ணெய் வந்து சேர்வதே அபூர்வம். இருட்டிலும் புகையிலும் சனங்கள் இருமிக்கொண்டு கிடந்தார்கள். கடைசியில் மாராயி வீட்டுப் பின்சுவர் ஈரத்தில் ஊறி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"கால் வெச்ச நேரம்," என்று மறுபடியும் சொன்னார்கள். வார்த்தை அதேதான். சொன்ன குரல் வேறு.

ஒரு காலையில் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஊரார் கோயிலுக்கு வந்தார்கள். வெள்ளியங்கிரி முன்னால் நின்றார். "ஆத்தாகிட்டக் கேட்டுச் சொல்லு பூசாரி. எதனால இப்படி?"

கேட்கிறார்கள்! தன்னைக் கேட்கிறார்கள். செங்கோட்டையனுக்கு நெஞ்சில் தேன் வார்த்தது போல் இருந்தது. பறை அடித்தார்கள். அவர் உடம்பு ஆடியது. முன்பெல்லாம் அருள் வரும்போது, வாயிலிருந்து வரும் வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியாது. அதைக் கேட்டு அவரே பயந்திருக்கிறார். இந்த முறை தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனியில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது.

"எல்லை தாண்டி வந்தது எல்லை தாண்டிப் போகோணும்!" என்றார்.

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஊர் வாய்க்காக மாராயி ஒரு சாக்குச் சொன்னாள். புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போவது உண்டுதானே, அப்படித்தான் போகிறாள் என்றாள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். காளியண்ணன் வாயைத் திறக்கவில்லை; மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ஆத்தாயி கோயில் முன்னால் நின்றாள்.

"துன்னூறு குடுங்க மாமா."

செங்கோட்டையன் அவள் நெற்றியில் பூசினார். நெற்றி நனைந்திருந்தது. திருநீறு ஒட்டாமல் கரைந்து மூக்கில் வழிந்தது. அவர் கை நடுங்கியது.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு ஆத்தா சொல்லுச்சுங்களா?"

"அது… எனக்குத் தெரியாது அம்மிணி."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

சில நாளில் மழை நின்றது. வெயில் அடித்தது. பாய்களையும் துணிகளையும் பாறைகளின் மேல் பரப்பினார்கள். வெள்ளியங்கிரி சொன்ன சொல்லை நினைவு வைத்து, ஊரைக் கூட்டிச் செங்கோட்டையனுக்கு உருமால் கட்டினார். அவர் ஆசைப்பட்டது போலவே கோயில் வாசலில், ஊர் பார்க்க. மஞ்சள் கரை போட்ட வெள்ளைத் துணி. தலைக்கு அது கனமாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து இரண்டு பெண்கள் பேசியது அவர் காதில் விழுந்தது.

"என்ன காலுடி அது! வந்தா, கொட்டுச்சு. போனா, நின்னுருச்சு."

"சும்மாவா? அவ பின்னாடியே போயிருச்சு மழ."

செங்கோட்டையனுக்குச் சுருக்கென்றது. வந்ததும் அவளாலே, நின்றதும் அவளாலே. ஊரை விட்டுத் துரத்தியும் பெயர் அவளுக்குத்தான். உருமாலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவரை யாரும் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் அவர் அந்தத் துணியை அவிழ்த்துப் பெருமாயியிடம் கொடுத்தார். அவள் அதை உதறிப் பார்த்து, "நல்ல துணி," என்றாள். பிறகு, "அந்தப் புள்ளைய அனுப்புனது ஆத்தாதானுங்களா?" என்று கேட்டாள். அவர் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு பெருமாயி அவருக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். பேச்சு மட்டும் குறைந்து போனது.

ஆவணி பிறந்தது. ஆடிக்குப் போன பெண்ணை அழைத்து வர மாராயி வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

செங்கோட்டையன் மிளகை மூட்டை கட்டிக்கொண்டு செம்மேட்டுச் சந்தைக்குப் போனார். உப்பு வாங்க வேண்டியிருந்தது. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த உப்பு வியாபாரி ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரக்கரை நாட்டு ஆள் ஒருவர் கூடை விற்றுக்கொண்டிருந்தார். பேச்சு மழைக்குப் போனது.

"உங்க ஊருல எப்படிங்க மழ?" என்று செங்கோட்டையன் கூடைக்காரரைக் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! எங்க பூசாரி பூக்குழி எறங்குனாரு பாருங்க. வெளிய கால் வெக்கறதுக்குள்ள கொட்டிருச்சு. அவரைத் தோள்ல தூக்கி வெச்சு ஊர் பூரா சுத்துனோம்."

"எப்ப?"

"ஆனி கடைசியில. எங்க ஊருப் புள்ள ஒண்ணை உங்க பக்கம் கட்டிக் குடுத்தமே, அதே நாளுதானுங்க."

"எப்ப நின்னுது?"

கூடைக்காரர் சொன்ன கணக்கு, வளப்பூரில் நின்ற நாளோடு ஒத்துப்போனது. "அதுவும் சும்மா நிக்கல. எங்க கவுண்டரு கெடா வெட்டுனாரு, நின்னுது."

செங்கோட்டையனுக்கு முதலில் வந்தது பொறாமைதான். தோளில் தூக்கினார்களாமே! நமக்கு ஒரு முழத் துணி, அவனுக்குத் தோள். அந்தப் பூசாரியின் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

உப்பு வியாபாரி சிரித்தார். "ஏனுங்க, நீங்க ரெண்டு பேருமே ஏமாந்துட்டீங்க. கீழ எங்க ஊருல ரெண்டு கழுதையைப் புடிச்சு, சோடிச்சு, தாலி கட்டிக் கண்ணாலம் பண்ணி வெச்சோம். அதுல வந்த மழைதானுங்க மேல உங்களுக்கும் பேஞ்சுது."

கூடைக்காரர் கோபமாக ஏதோ சொன்னார். செங்கோட்டையன் காதில் அது ஏறவில்லை. தன் குடம், அந்தப் பூசாரியின் நெருப்பு, ஆத்தாயியின் கால், கழுதையின் தாலி எல்லாம் அவர் மனசில் ஒரே வரிசையில் வந்து நின்றன. ஒரே மழை. தாலி கட்டிக்கொண்ட கழுதையோடா இத்தனை நாளும் போட்டி போட்டிருக்கிறோம் என்று தோன்றியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. சந்தை நடுவில் தனியாகச் சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே, ஆத்தாயியின் நெற்றியில் கரைந்து வழிந்த திருநீறு கண்ணில் வந்து நின்றது.

உப்பு மூட்டையோடு அவர் வளப்பூருக்குத் திரும்பவில்லை. பெரக்கரைக்குப் போகிற கொடிவழியில் நடந்தார்.

ஆத்தாயியின் அப்பா கருப்பண்ணன் அவரைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்த?" என்றார்.

"உன் மககிட்ட ஒரு வார்த்த சொல்லோணும். சொல்லிட்டுப் போயிடறேன்."

ஆத்தாயி கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மண் கையோடு வந்தாள். இளைத்திருந்தாள்.

"அம்மிணி, அன்னிக்குப் பேசுனது ஆத்தா இல்ல. நான்தான். உன்மேல எரிச்சல்ல பேசிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"தெரியுமுங்க மாமா. துன்னூறு பூசறப்ப உங்க கை நடுங்குச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சுது. ஆத்தா சொல்லியிருந்தா உங்க கை எதுக்கு நடுங்கோணும்?"

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இங்க வந்து, எங்க ஊட்டுக் கொல்லையில, ஆரும் கேக்காத எடத்துல சொல்றீங்க. அங்க ஊரு முன்னால சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"சொல்லாம விட்டீங்கன்னா, நானே சொல்லுவேன்."

"சொல்றேன் அம்மிணி."

மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினார்கள். கருப்பண்ணன் மகளோடு முன்னால் நடந்தார்; செங்கோட்டையன் பத்தடி பின்னால் வந்தார். பாதி வழியில், மேடேறும் இடத்தில், மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை. குடைந்தாற்போல் இருந்த ஒரு பாறைக்கு அடியில் ஒண்டினார்கள்.

செங்கோட்டையனுக்குப் பயம் வந்தது. இவளை அழைத்துக்கொண்டு போகிற நேரம் பார்த்து மழை! எல்லைக்குள் இவள் கால் வைக்கும்போது கொட்டிக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? நின்ற பிறகு போகலாமா? இல்லை, நாளைக்குப் போகலாமா?

பாறைக்கு எதிரே பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் ஒரு செங்குத்துச் சரிவு இருந்தது. ஆள் ஏற முடியாத இடம். தேன் எடுப்பவர்கள்கூட அங்கே போனதில்லை. கொல்லை இல்லை, குடி இல்லை, கோயில் இல்லை. அதன் மேலும் மழை பெய்துகொண்டிருந்தது. வளப்பூர்க் கொல்லையில் பெய்வது போலவே, கொஞ்சமும் குறைக்காமல் பெய்தது. வெறும் பாறை கறுத்து மின்னியது. நூறு இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் இறங்கியது. அங்கே யார் குடம் சுமந்தது? யார் கேட்டது? யார் கால் வைத்தது?

அவர் கும்பிட்டார். எதையும் கேட்காமல் அவர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் பூசை செய்தும் அம்மனைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்தார். பார்வை எல்லாம் உருமால் மேலேயே இருந்திருக்கிறது.

"மழ விடட்டுங்களா மாமா, போலாமுங்களா?" என்று ஆத்தாயி கேட்டாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது, குரலில் தெரிந்தது.

"போலாம்," என்றார். தன் கொங்காணியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஊர் எல்லையைத் தாண்டும்போது மழை கொஞ்சமும் குறையவில்லை. வாசல் வாசலாக முகங்கள் தெரிந்தன. "ஐயோ, கூட்டிட்டு வந்துட்டாரே!" என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளியங்கிரி வேகமாக வந்தார்.

"என்ன பூசாரி இது?"

செங்கோட்டையன் கோயில் முன்னால், நனைந்துகொண்டே சொன்னார். "எல்லாரும் கேளுங்க. எல்லை தாண்டிப் போகோணும்னு சொன்னது ஆத்தா இல்ல. நான். இந்தப் புள்ளைக்கு வந்த பேரைப் பாத்து வவுறெரிஞ்சு சொன்னேன். இந்த மழ பெரக்கரையிலயும் பேஞ்சுது, செம்மேட்டுலயும் பேஞ்சுது, கீழ்நாட்டுலயும் பேஞ்சுது. நாம ஆரும் கொண்டாரல. நாம ஆரும் நிறுத்தல."

"ஆத்தா பேருல பொய் சொன்னியா?" வெள்ளியங்கிரியின் குரல் கிறீச்சிட்டது. "உருமால் கட்டுனமேடா உனக்கு!"

யாரோ ஒருவர் காறித் துப்பினார். செங்கோட்டையன் நகரவில்லை. மாராயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்க்காமலே, "அவரு சொன்னா எனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று சொல்லி, மருமகளின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். காளியண்ணன் ஆத்தாயியின் மூட்டையை வாங்க வந்தான். அவள் கொடுக்கவில்லை. அவனோடு அவள் பேசுவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அந்த மழை அன்று சாயங்காலமே ஓய்ந்தது. தப்பிப் பிழைத்த சாமைக்கு அது நல்ல மழை. பாதி விளைச்சலாவது வீடு வந்தது. "பாத்தியா, அவ திரும்பி வந்த நேரம்," என்று சிலர் ஆரம்பித்தார்கள். ஆத்தாயி அவர்களைப் பேசவிடவில்லை. "என் காலை விட்டுடுங்க. நாளைக்குக் காஞ்சு போனாலும் இதே காலைத்தானே சொல்லுவீங்க?" என்றாள். அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பூசையைச் செங்கோட்டையனிடமே விட்டுவைத்தார்கள், செய்ய வேறு ஆள் இல்லாததால். அருள் சொல்வது மட்டும் வெள்ளியங்கிரியின் தங்கை மகன் சென்னியப்பனுக்குப் போனது. அவனுக்கு நல்ல குரல். கார்த்திகையில் ஒரு நாள் அவன் முதன்முதலாக ஆடியபோது, ஊர் கைகூப்பி நின்றது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த செங்கோட்டையனுக்கு வயிற்றில் அதே பழைய எரிச்சல் எழுந்தது. அது போய்விடவில்லை. அவர் அதை நன்றாக அடையாளம் கண்டுகொண்டார்.

தூறல் போட ஆரம்பித்தது. கொல்லையில் கேழ்வரகுக்குள் தண்ணீர் தேங்கிவிடும். கரையைக் கொஞ்சம் வெட்டி விட வேண்டும். அவர் கூட்டத்தை விட்டு விலகி, வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார்.

"நானும் வாரேன், இருங்க," என்று பெருமாயி பின்னாலேயே வந்தாள்.